பளு தாங்காத வால்வு

கீழ்வீட்டு டிரைவர் எங்கள் வீட்டு மணியை அடித்தால் அது புகாராகத்தான் இருக்கும். பதினோரு வருடத்தில் அவர் வேறு எதற்கும் படியேறி வந்ததில்லை. இரவில் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர். பகலெல்லாம் தூங்கி மாலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என் மனைவி கிட்டார் கம்பியைத் தொட்டாலும் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துவார். ஆகவே ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் வாசிப்பது என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மணி ஐந்து இருபது. ஒப்பந்தம் எந்த விதத்திலும் மீறப்படவில்லை. ஆனாலும் பனியனோடு, கையில் டீ டம்ளரோடு வாசலில் நின்றார்.

"தங்கச்சி வீட்ல இல்லையா சார்?"

"இருக்காளே. உள்ள வாசிச்சுக்கிட்டு இருக்கா. கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்குது, கேக்குது." தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அது தங்கச்சியா? நான் வேற யாரோன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க சார். வண்டிய மாத்தின மாதிரி இருக்கு. ஸ்டார்ட்டிங் எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இழுவை இல்ல."

அவ்வளவுதான். ஏதோ காலநிலையைப் பற்றிச் சொன்னதுபோலச் சொல்லிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. ஏனென்றால் வண்டியை மாற்றியது நான்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிக்கிறவன். இதயத் துடிப்பை வரைகிற எந்திரம், சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற எந்திரம், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கிற பெட்டி, எல்லாம் என் பொறுப்பு. எங்கள் வேலையில் இரைச்சல் என்றால் எதிரி. மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற முனகல் ஒரு இதயக் கோட்டில் கலந்துவிட்டால், இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். இருக்கிற நோய் மறைந்தும் போகும். இருபத்து மூன்று வருடமாக நான் அந்த முனகலைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருக்கிறேன். சங்கீத விஷயத்தில் மட்டும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. என் மனைவி நல்ல சுரம் வாசிக்கிறாளா கெட்ட சுரம் வாசிக்கிறாளா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். காலை எட்டிலிருந்து நாலு வரை இருட்டறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் மூக்குக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பது அவள் தொழில். ஒரு நாளைக்கு நானூறு முறையாவது கேட்பாள். இருட்டறைக்கு வெளியே வைத்திருக்கும் எந்திரத்தின் முன்னால் யாராவது அசைந்தால் திட்டமாட்டாள். உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். அப்படியே இருங்கள், இமைக்காதீர்கள், ஒரு நொடி என்று அர்த்தம். கடையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவளுக்காகக் காத்திருக்கும் நாள்களில் எத்தனையோ முறை அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்குக் கட்டுப்படாத ஆளை நான் இதுவரை கண்டதில்லை.

கல்யாணமாகி அவள் வந்தபோது ஒரு பெட்டித் துணி, ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் ஆகிய மூன்றும் கூட வந்தன. ஆம்ப் எங்கள் இருவரையும்விட மூத்தது. துணி ஒட்டிய மரப்பெட்டி, அடியில் ஒரு ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்தால், பழைய ரேடியோவில் இருப்பதுபோல, வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். அதற்கு அவள் வைத்த பெயர் பெரியப்பா. காரணம் கேட்டால், "எழுந்திருக்க நேரமாகும், எழுந்ததும் முனகும், சூடேறினப்புறம்தான் பேச்சு வரும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்பாள். பெரியப்பாவின் சத்தக் குமிழில் ஒன்று முதல் பத்து வரை உண்டு. ஐந்து வரை அவர் அரைத்தூக்கம். ஒன்பதில் கத்துவார். ஏழில் வைத்தால்தான் மனிதர் சரியாக இருப்பார் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஏழில் வைத்து, மெல்லத் தடவினால் மணிபோலவும், ஓங்கி அடித்தால் தொண்டை கட்டியவர் பாடுவது போலவும் ஒலிக்குமாம். குமிழைத் தொடவே வேண்டாமாம், கை சொன்னால் போதுமாம். எல்லாம் அவள் சொன்னதுதான். எனக்குக் கேட்டதெல்லாம் முனகல்.

இப்படி இருக்கையில்தான் நூலகத்தின் மாடி அரங்கில் வாசிக்க அழைப்பு வந்தது. கல்லூரி நாளில் அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். டிரம் வாசித்தவள் இப்போது பல் டாக்டர். பேஸ் கிட்டார் வாசித்தவள் கூரியர் அலுவலகத்தில் மேலாளர். மூவரும் கடைசியாக ஒரே மேடையில் நின்று இருபத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நூலக ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம், தாங்களே கட்டிய ஐந்து பாட்டு. அழைப்பு வந்த அன்று என் மனைவி சமையலறையில் நின்றபடியே அழுதாள். வெங்காயம் என்று சொன்னாள். பலகையில் இருந்தது கேரட்.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். "மேடைக்குப் போறதுக்கு முன்னாடி பெரியப்பாவை ஒரு தடவை முழுசா பார்த்துத் தரேன்" என்றேன். மூன்று வாரம், தினமும் சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் பெரியப்பாவை மல்லாக்கப் போட்டு வைத்தியம் பார்த்தேன். உள்ளே திறந்து பார்த்தேன். எர்த் கம்பியே இல்லை. கண்டன்சர்கள் கசிந்திருந்தன. எந்த உறுப்பின் மதிப்பும் அதன்மேல் அச்சிட்ட மதிப்பாக இல்லை. இத்தனை வருடம் என் பெண்டாட்டி இதில் கைவைத்து உயிரோடு இருந்ததே அதிசயம். ஒவ்வொன்றாக மாற்றினேன். கழற்றிய ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரி வழக்கப்படி தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, கழற்றிய தேதியும் காரணமும் எழுதி ஒட்டினேன். கழற்றியதைத் தூக்கிப் போடக்கூடாது, பொருள் யாருடையதோ அவரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. மொத்தம் ஒன்பது கவர். மூடியதும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முனகல் அறவே இல்லை. எல்லா எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிறந்த குழந்தையை ஒப்படைப்பதுபோல் அவளிடம் ஒப்படைத்தேன்.

அவள் இரண்டு நிமிடம் வாசித்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் முடி வெட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அவள் சொல்வது அதைத்தான். என் அக்கா கொடுத்த பூ ஜாடிக்கும் அதையேதான் சொன்னாள். அது இன்றுவரை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

டிரைவர் வந்துபோன பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். விடுதியில் படிக்கிற மகளின் அறைதான் ஐந்திலிருந்து ஆறு வரை பெரியப்பாவின் அறை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி அடிப்பாள், நிறுத்துவாள், விரலைப் பார்ப்பாள். தப்பு விரலில் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. "என்னவாம் அவருக்கு?" என்றாள். "சும்மாதான்" என்றேன். ஆளுக்கொரு பொய். சரிக்குச் சரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் பல் டாக்டர். "கட்டைவிரல்ல ஒரே வலிடி. பிக்கப் பிடிச்சு மீட்டவே முடியல. வேற யாராவது கிடைப்பாங்களா பாரு. இல்ல, நிஜமாத்தான். சரி, நாளைக்கு ராத்திரிக்குள்ள முடிவாச் சொல்றேன்." அன்று காலை நான் திருகித் திருகித் தோற்றுப்போன ஜாம் பாட்டிலை ஒரே திருகில் திறந்து என் கையில் கொடுத்த கட்டைவிரல் அது. சனிக்கிழமை நிகழ்ச்சி. இருபத்து இரண்டு வருடம் காத்திருந்தவள் நாலே நாள் இருக்கும்போது விலகப் பார்க்கிறாள்.

நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். "கட்டைவிரலக் காட்டு."

காட்டவில்லை. புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஆம்ப் நல்லா இல்லன்னு சொல்லேன்."

"நல்லா இருக்குங்க."

"டிரைவரண்ணனுக்கே தெரிஞ்சுபோச்சு. இழுவை இல்லையாம். துடைப்பக் கட்டையால குத்துற மனுஷன், படியேறி வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "எப்படிச் சொல்றது? மூணு வாரம் மேசையில குனிஞ்சு உக்காந்து விசிலடிச்சுக்கிட்டே வேலை பார்த்தீங்க. நீங்க விசிலடிச்சு நான் பார்த்ததே இல்ல. அதப் போய் நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்வேன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எல்லாம் சரியா இருக்கு. அதுதான் பிரச்சன. நான் அடிச்ச உடனே வந்து நிக்குது. ஆபீஸ்ல கூப்பிட்டா 'சொல்லுங்க மேடம்'னு வந்து நிப்பாங்களே, அந்த மாதிரி. முன்னாடி அப்படி இல்லீங்க. ஓங்கி அடிச்சா ஒரு அடி பின்னால போகும். அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு எழுந்து வரும். அந்த எழுந்து வர்ற இடத்துலதான் நான் பாட்டையே கட்டியிருக்கேன். இப்ப அந்த இடமே இல்ல. சனிக்கிழம நான் எங்க போய் நிக்கிறது?"

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. என் இருபத்து மூன்று வருட வேலையை ஒரு முனகல் பெட்டி தோற்கடித்துவிட்டதே என்று வந்தது. அதைவிடப் பெரிதாக வலித்தது வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் குரங்கைப் பார்த்துப் பதினைந்து நாள் அவள் "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அதுதான். நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒன்பது கவரையும் எடுத்து வந்து அவள் மடியில் கொட்டினேன்.

"எல்லாம் இருக்கு. எதுன்னு நீ சொல்லு. அதப் போட்டுத் தரேன்."

அவள் ஒவ்வொரு கவரையும் எடுத்துக் காரணத்தைப் படித்தாள். 'கசிவு.' 'மதிப்பு இருமடங்கு.' 'வயது.' 'பளு ஏறினால் சரிகிறது.' 'வயது.' பிறகு நிமிர்ந்து, "எங்கள மாதிரி வயசான ஆளுங்களைப் பத்தியும் ஆஸ்பத்திரியில இப்படித்தான் எழுதுவீங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் வீடு பழையபடி ஆகிவிட்டது.

இரண்டு கவரை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். கசிந்த கண்டன்சர்கள் எந்த நிமிடமும் வெடிக்கலாம். எர்த் இல்லாத பழைய ஒயர் ஆளையே கொல்லும். "இந்த ரெண்டைப் பத்திப் பேச்சே கிடையாது. டோன் வேணும்தான், எனக்குப் பொண்டாட்டியும் வேணும்."

"ஐயோ, அத யாரு கேட்டா" என்றாள்.

புதன்கிழமை இருவரும் விடுப்பு எடுத்தோம். ஒரு மணி நேர ஒப்பந்தம் போதாது. கீழே போய் டிரைவரிடம் கேட்டேன். "எனக்கு இன்னிக்கு வார ஓய்வுதான் சார். தூங்குறதுக்கு ராத்திரி இருக்கு. இழுவை வர்ற வரைக்கும் அடிங்க. தாங்கலைன்னா காதுல பஞ்சு வச்சுக்கிறேன்" என்றார். பதினோரு வருடத்தில் அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வேலை முறையை அவளே சொன்னாள். கடையில் செய்வதுதான், ஆனால் இடம் மாறி. இந்த முறை கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது அவள். அவள் கண்ணை மூடிக்கொண்டு பெரியப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் ஒரு கவரைப் பிரித்து, பழைய உறுப்பை ஈயத்தால் பற்றவைத்து, ஆம்பைப் போட்டு, சூடேறியதும், "இது தெளிவா, அதுவா?" என்பேன். வில்லையை மாற்ற ஒரு நொடி போதும். ஆம்பில் அப்படி முடியாது. அணைத்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, பற்றவைத்து, திரும்பப் போட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். அதற்குள் முன்னால் கேட்டது மறந்துவிடாதா என்று கேட்டேன். "காது மறந்துரும். கை மறக்காது" என்றாள். சொல்லிவைத்தாற்போல அதே நாலு சுரம், அதே அழுத்தம். அடித்துவிட்டு ஒரு நொடி கையைக் காற்றில் அப்படியே நிறுத்திப் பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்குவாள்.

முதல் கவர், ஒன்றுமில்லை. இரண்டாவது, கொஞ்சம் மூக்கடைப்பு போனதாம், ஆனால் ஆள் அவரில்லை. மூன்றாவதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் மனம் நோகக்கூடாது என்று அவள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டால்? பதினைந்து நாள் சொன்னவள்தானே. கடையில் சிலர் தெரியாததைத் தெரிகிறது என்பார்களாம். அவர்களைப் பிடிக்க அவள் வில்லையை மாற்றாமலே மாற்றியதுபோல் சத்தம் காட்டிக் கேட்பாள். நானும் அதையே செய்தேன். ஸ்க்ரூவைத் திருகும் சத்தம் எழுப்பி, சால்டரிங் அயர்னை வைத்துப் புகை கிளப்பி, எதையும் மாற்றாமல், "இது தெளிவா, அதுவா?" என்றேன்.

அவள் அடித்தாள். கை காற்றில் நின்றது. கண்ணைத் திறக்காமலே, "திருட்டு ராஸ்கல். ஒண்ணையும் மாத்தல நீங்க" என்றாள்.

எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எழுந்து போய் அவள் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்தேன். "வேலையப் பாருங்க" என்றாள், கண்ணை மூடியபடியே.

மூன்று மணிக்குள் ஆறு கவர் முடிந்தது. சத்தம் வழவழப்பாக ஆகியிருந்ததாம். ஆனால் அந்த எழுந்து வருகிற இடம் வரவில்லை. அவள் தோள் இறங்கிவிட்டது. பல் டாக்டருக்கு இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு கவர்தான் பாக்கி. அதைக் கடைசியாக வைத்தது தற்செயல் அல்ல. கழற்றிய ஒன்பதிலும் எனக்கு ரொம்பக் கேவலமாகப் பட்டது அதுதான். முன்னும் பின்னும் அலைகிற மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிற வால்வு. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல். அது செய்கிற வேலையை மிளகு அளவில் இரண்டு டையோடு, சூடாகாமல், முனகாமல், ஒரு வோல்ட் குறையாமல் செய்துவிடும். அந்த டையோடுகளை ஒரு செத்த வால்வின் அடிப்பாகத்துக்குள் வைத்துக் கட்டி, அதே துளையில் சொருகும்படி நானே செய்திருந்தேன். மூன்று வார வேலையில் நான் ரொம்பப் பெருமைப்பட்டது அதற்குத்தான். விசிலடித்ததும் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கவரின் மேல் என் கையெழுத்து. 'பளு ஏறினால் சரிகிறது.'

டையோடைப் பிடுங்கிவிட்டுப் பழைய வால்வைச் சொருகினேன். பழக்கதோஷத்தில் மீட்டரையும் இணைத்துவைத்தேன். வால்வு மெல்லச் சிவந்தது. மீட்டர் முள் முந்நூற்று நாற்பது வோல்ட்டில் வந்து நின்றது. "ம்" என்றேன். இது தெளிவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் ஓங்கி அடித்தாள். முள் சடாரென்று முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்த இடத்திலேயே எந்திரத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன். இறங்கிய முள், சுரம் நீள நீள, படியேறுகிறவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதுபோல நிதானமாக ஏறி வந்தது. முள் ஏறுவதும் சத்தம் எழுந்து வருவதும் ஒன்றாக இருந்தன. கழுதைதான் நான். ஆனாலும் அன்று கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டதால் எனக்கும் கேட்டது. அவள் சொன்ன அந்த மூச்சு. இருபது வருடமாக அடுத்த அறையில் அது இருந்திருக்கிறது.

அவள் கை காற்றில் நிற்கவில்லை. அடுத்த சுரத்துக்கு, அதற்கடுத்ததற்கு என்று ஓடிவிட்டது. பாட்டு முழுதாக வந்தது. நான் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தபோது கீழேயிருந்து கூரையில் இரண்டு முறை குத்தும் சத்தம். அதே துடைப்பக் கட்டை. ஆனால் மெதுவாக, கதவைத் தட்டுவதுபோல.

"கெடச்சிருச்சாம் இழுவை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, "அடியே, கட்டைவிரல் சரியாப்போச்சு" என்றாள்.

எனக்குத்தான் சரியாகவில்லை. அந்த வால்வைச் சோதித்துப் பார்த்தவன் நான். ஆயுளின் கடைசிக் கட்டம். இன்னும் ஆறு மாதம் உழைக்கலாம், ஆறு நிமிடத்திலும் போய்ச் சேரலாம். அதே ரகத்தில் புதிதாக வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். "மேடையில வச்சு செத்துப்போச்சுன்னா?" என்று அன்று இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"நீங்க பின்னாடி உக்காருங்க. உங்க டையோடு பாப்பாவ கையில வச்சுக்கங்க. செத்துப்போச்சுன்னா மாத்திருங்க, 'சொல்லுங்க மேடம்'னு வாசிச்சிட்டு வரேன்." என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "சாகலைன்னா கைய மடியில வச்சுக்கிட்டு சும்மா இருங்க. அது உங்களால முடியுமா?"

முடியும் என்றேன். வாயை விட்டு மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆறு மணி. நூலக மாடியில் நூற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலி, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. நான் பெரியப்பாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு கெட்டித் துணி, சுட்டுக்கொண்டிருக்கும் வால்வைப் பிடித்து இழுக்க. சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய டையோடு. அங்கிருந்து பார்த்தால் சிவந்திருக்கும் வால்வுகளும் என் மனைவியின் முதுகும்தான் தெரிந்தன. நீலச் சட்டை போட்டிருந்தாள். சற்று எட்டிப் பார்த்தால் கூடத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் கீழ்வீட்டு டிரைவர், தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். அந்த மனிதரை நான் வெறும் பனியனோடு இல்லாமல் பார்த்ததே அன்றுதான்.

முதல் பாட்டில் அவள் தோள் விறைத்திருந்தது. இரண்டாவதில் இளகியது. மூன்றாவதில் பல் டாக்டர் டிரம்மை அடித்த அடியில் முன்வரிசைக் குழந்தை ஒன்று வாயைப் பிளந்தது. நாலாவதில் என் மனைவி திரும்பி கூரியர் மேலாளரைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ஒரு பக்கம் முகம் தெரிந்தது. எனக்குத் தெரியாத ஒரு இருபது வயதுப் பெண்ணின் முகம். எங்கே போயிருந்தாய் இத்தனை நாள் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் டிரைவரின் வலது கால், மேட்டில் வண்டி ஏற்றுவதுபோலத் தரையை அழுத்தியது.

ஐந்தாவது, அவள் கட்டிய பாட்டு. நடுவில் மற்ற இருவரும் நிறுத்திவிடுவார்கள். அவள் ஒரே ஒரு சுரத்தை ஓங்கி அடித்து, அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது தானாகப் பின்வாங்கி, தானாக எழுந்து வரும்போதுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டும். எழுந்து வராவிட்டால் பாட்டு இல்லை.

அடித்தாள்.

என் கண்ணுக்கு முன்னால் அந்த வால்வுக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு நீலப் பொறி தட்டியது. அந்தப் பொறியை எனக்குத் தெரியும். அதைப் பார்த்த எந்த எந்திரத்தையும் நான் அடுத்த நொடி ஓடவிட்டதில்லை. சத்தம் இறங்கியது. வழக்கமாக இறங்குகிற அளவைத் தாண்டி இறங்கியது. இது அந்த மூச்சா, சாவா? என்னிடம் மீட்டர் இல்லை. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் கைக்குட்டையைப் பிடித்துவிட்டது. முக்காலி கிறீச்சிட நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய இடதுகை விரல் கம்பியை அழுத்தி மெல்ல அசைத்தபடி அந்தச் சுரத்தைப் பிடித்திருந்தது. வேலை முடிந்த வலதுகை கீழே வந்து, முதுகுக்குப் பின்னால் நீண்டு, என்னைப் பார்த்து விரிந்தது. பாதி எழுந்தவன் பாதி எழுந்தபடி, பைக்குள் விட்ட கை பைக்குள்ளேயே இருக்க, இமைக்காமல் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.